பால் ஊற்ற ஓர் இடம்

பால் சொம்போடு தாயாரம்மாள் படகில் ஒரு காலை வைத்தாயிற்று. அப்போதுதான் தம்பி குணாளன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"இருக்கா, அந்தப் பொண்ணு வந்துக்கினு கீது. எடத்தக் கேட்டுக்கினு போலாம்."

முந்தாநாள் தாயாரம்மாளின் புருசன் ராஜவேலுவின் படகு பழவேற்காட்டு ஏரியில் தானாகக் கரை ஒதுங்கியது. உள்ளே வலைமேல் தலைவைத்துத் தூங்குகிற மாதிரி அவர். மாரடைப்பாம். உயிர் எந்தத் தண்ணீரில் போயிற்று என்று பார்த்தவர் யாருமில்லை. அங்கேதான் பால் ஊற்றுவேன் என்று நேற்றெல்லாம் அரற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. போகும்போது பக்கத்தில் இருக்கத்தான் கொடுத்து வைக்கவில்லை, இதையாவது செய்ய வேண்டாமா?

இடம் தெரிந்தது படகு முனையில் கட்டியிருந்த கறுப்பு டப்பாவுக்கு மட்டும்தான். ஏரியில் இறால் எங்கே கிடைக்கிறது, எங்கே குறைகிறது என்று ஆராய்ச்சி செய்கிற மைத்ரேயி கட்டிவிட்டுப் போனது. படகு போகிற வழி, நிற்கிற இடம் எல்லாம் அதில் பதிவாகும்.

மைத்ரேயி வந்ததுமே அழுதுவிட்டாள். பாவம், நல்ல பிள்ளை. ஆனால் இடத்தைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா, டப்பா கட்டறப்பவே யாருக்கெல்லாம் காட்டலாம்னு அவர்கிட்ட கேட்டோம். யாருக்கும் கூடாதுன்னுட்டார்."

"வேத்தாளுக்குத்தானே? நான் பொண்டாட்டிம்மா."

மைத்ரேயி டப்பாவைப் பார்த்தாள்.

"இன்னா சொன்னாரு? பரவால்ல, சொல்லு."

"வீட்ல கேட்டாலும் காட்டக் கூடாதுன்னார்மா."

தாயாரம்மாள் முப்பது வருசம் அவர் வலையில் சிக்கல் எடுத்தவள். அடப் பாவி மனுசா, எனக்குமா?

"இப்ப அவர் இல்ல. வாரிசு நீங்கதான்," என்றாள் மைத்ரேயி. "நீங்க கையெழுத்துப் போட்டா எங்க கமிட்டில கேட்டுப் பாக்கறேன். நாளாகும். ஆனா குடுப்பாங்க."

குணாளன் பேனாவையே எடுத்து நீட்டிவிட்டான்.

"போடுக்கா. பால் எப்ப வேணா ஊத்திக்கலாம். மேப்ப மட்டும் என் போன்ல ஏத்தச் சொல்லு. மாமா எறா புடிச்ச எடமெல்லாம் அதுல இருக்கும்ல?"

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஆள் குறைத்த பிறகு திரும்பவும் வலைக்கு வந்தவன் அவன். இவனுக்காக எத்தனை தடவை, சோறு போட்டுக்கொண்டே, "இன்னிக்கு எங்க வல போட்ட?" என்று அவரை நோண்டியிருக்கிறாள்! அவர் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்பார். தம்பி வாய் திறந்து கேட்டால் இவளுக்கு இல்லையென்று சொல்ல வராது. அது அவருக்குத் தெரியாதா? மனுசன் தெரிந்துதான் சொல்லியிருக்கிறான்.

"வேணாம்மா," என்றாள். "டப்பாவக் கழட்டிக்கினு போ. அவரு சொன்னது சொன்னதுதான்."

"அக்கா! பைத்தியமா உனுக்கு? அப்ப பால எங்க ஊத்துவ?"

தாயாரம்மாள் படகிலிருந்து காலை எடுத்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, நின்ற இடத்திலேயே சொம்பைக் கவிழ்த்தாள்.

பால் கொஞ்ச நேரம் வெள்ளையாகத் தேங்கி நின்றது. பிறகு மெல்ல ஒரு பக்கமாக நகரத் தொடங்கியது. எங்கே போகிறதென்று அவளும் அதன் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கரையிலிருந்து தம்பியும் இவள் பார்வை போன பக்கமே நோட்டம் விடுவது தெரிந்தது. தாயாரம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.