மழுங்கிய படியும் சிவப்புக் கட்டச் சட்டையும்

1

இந்தக் கதை ஒரு கந்தல் துணியில் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியாவில் எங்கள் மான் வேட்டைக் குடிலின் சுவரில் சட்டை வால்கள் ஆணியடித்துத் தொங்குகின்றன. மானைச் சுட்டுக் குறிதவறியவர் சட்டையின் பின்வாலை அன்றைக்கே கத்தரித்துவிடுவது வழக்கம். சிவப்புக் கட்டம் போட்ட துண்டு, எங்களோடு வேட்டைக்கு வரும் லோர்னாவுடையது. போன வருஷம் அதைக் கத்தரித்தபோது எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. எனக்குக் கதை கிடைத்துவிட்டது!

2

முதல் வரி: ‘வெண்பனி போர்த்திய மலைச்சரிவில், தன்னந்தனியாக…’

சீ. பனி எல்லார் கதையிலும்தான் பெய்கிறது. நேராக லோர்னாவின் சமையலறைக்குப் போவோம்.

மேசை விளிம்பில் சின்னப் பிடிகருவி. அதன் வாயில், விரல் நகம் அளவு அகலமுள்ள ஓர் இரும்புத் தகடு. துப்பாக்கியில் கண்ணுக்குக் கிட்டே இருந்து குறிபார்க்க உதவும் பின்குறியைத் தாங்கும் தகடு அது. மேல்விளிம்பில் குட்டிக் குட்டிப் படிகள். குறியை எந்தப் படியில் நிறுத்துகிறோமோ அந்த அளவுக்குக் குண்டு மேலே போகும். படிகளின் முனை தேய்ந்து வழவழவென்று கிடந்தது. லோர்னா அரத்தை எடுத்தாள்.

(இங்கே ‘அரம் வழுக்கியது’ என்று எழுதிப் பார்த்தேன். கதைக்குப் பதற்றம் வேண்டாமா? லோர்னா ஒப்புக்கொள்ளவில்லை. அவள் கை அப்படிப்பட்ட கை இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

கொழுந்தன் மெர்ல் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். போன வருஷம் கத்தரிக்கோல் பிடித்தவன் அவன்தான்.

“என்ன அண்ணி, துப்பாக்கிக்கு நகம் வெட்டி விடுறீங்களா?”

“வாய மூடிட்டு இதப் பாரு. படியெல்லாம் மழுங்கிப் போச்சு. சுடுற அதிர்வுல குறி கீழ்ப்படிக்கு நழுவிடுது. போன வருஷம் வேட்டைக்கு முந்தின நாள் தாள்ல சுட்டுப் பாத்தேன்ல, அப்பவே இறங்கியிருக்கு.”

“துப்பாக்கி மேல பழி போட்டா சட்டையோட கையையும் சேத்து வெட்டிடுவாங்க. குடிலோட சட்டம் அண்ணி!”

“தெரியும். அதான் வாயத் தெறக்காம அரத்தப் புடிச்சிருக்கேன்.”

“புதுத் தகடு வாங்கி மாட்டிட்டுப் போக வேண்டியதுதான?”

“மாட்டி மானை அடிச்சா, புதுத் தகடு அடிச்சுச்சுன்னு சொல்லுவ. இதே துப்பாக்கி, இதே தகடு. அடிச்சுட்டு என் துணிய நானே ஆணியப் புடுங்கி எடுக்கணும்.”

மெர்ல் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தான். தேய்ந்த படிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினான்.

“அண்ணி… உங்க குண்டு மானுக்குக் கீழ மண்ணுலதான பட்டுச்சு?”

“ஆமா.”

“எனக்கும் மண்ணுலதான் பட்டுச்சு!”

சொல்ல மறந்துவிட்டேன்.* அந்தத் துப்பாக்கி முன்பு மெர்லுடையது. சுவரில் அவனுடைய நீலத் துண்டும் தொங்குகிறது.

“நல்லா ராவுங்க அண்ணி! ஓரம் கூரா நிக்கணும். நான் விளக்கப் புடிக்கிறேன்!”

“கிண்டல் பண்ண வந்தவன்தான நீ?”

“அது அப்போ!”

* மறக்கவில்லை. இந்த இடத்துக்காகத்தான் பொத்தி வைத்திருந்தேன்.

4

தகட்டை மாட்டிக்கொண்டு இருவரும் கல்குவாரிக்கு ஓடினார்கள். தாளில் ஒரு குண்டு. குறி நகரவில்லை. இன்னொன்று. நகரவில்லை! கடைசிவரை அசையாமல் நின்றது. மெர்ல் தொப்பியைத் தூக்கி எறிந்தான். எழுதுகிற எனக்கே நெஞ்சு படபடத்தது.

ஆனால் லோர்னாவின் முகம் மாறியது.

“மெர்ல், இனிமே சாக்கு இல்ல.”

“எதுக்கு?”

“தவறினா, நான்தான் தவறினேன்.”

5

வேட்டைக் காலம் தொடங்கிய முதல் நாள் காலை. கிளைக்கொம்பு மான் ஓடையருகே வந்து பக்கவாட்டில் நிற்கிறது.

முடிவு ஒன்று: மான் விழுகிறது, இரண்டு துண்டுகளும் சுவரிலிருந்து இறங்குகின்றன. எனக்கு ஆசைதான். ஆசைப்பட்டு எழுதியது என்று லோர்னாவுக்குத் தெரிந்தால், துண்டைத் திரும்ப ஆணியடித்துவிடுவாள்.

முடிவு இரண்டு: போன வருஷம் நடுங்கியது கைதான், தகடு வெறும்… இல்லை. இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

லோர்னா மூச்சை விட்டு, விசையைத் தொடுகிறாள். தகடு தன் வேலையைச் செய்யும், அதற்கு நான் பொறுப்பு. மிச்சம் அவள் கை.

சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? குடிலில் மெர்ல் ஒரு கையில் கத்தரிக்கோலும் மறுகையில் ஆணி பிடுங்கும் சுத்தியலுமாக நிற்கிறான். கத்தரிக்கவா, ஆணியைப் பிடுங்கவா என்று உங்களைத்தான் கேட்கிறான்.