பக்கச் சந்தில் நிற்கும் கார்

அன்று மாலை கூடத்தில் நான்கு பேர் இருந்தோம். நான் மேசையருகே, தாளும் பேனாவுமாக. தையற்காரரான என் கணவர் மிஷின் ஸ்டூலில். மாடியில் குடியிருக்கும் வேன் டிரைவர் கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னால் "பரவால்லக்கா" என்பார். என் தங்கை குட்டி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் தரையில். அந்த ஜன்னலுக்கு வெளியேதான் கார் நின்றது.

நம்பர் பிளேட் இல்லை. டயரில் காற்றில்லை. கண்ணாடி முழுக்க உட்புறமாகச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. சந்தோ எங்கள் மனைக்குள் வருகிறது.

குட்டி புருஷனை விட்டு வந்தவள். "எங்க போனாலும் தேடி வருவேன்" என்று அவன் மிரட்டியிருந்தான். அவள் இங்கே இருப்பதை நாங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

நகராட்சியில் கேட்டுவிட்டு வந்திருந்தேன். கைவிடப்பட்ட வாகனத்தை அகற்ற மனு கொடுக்க வேண்டும். மனுதாரர் பெயரும் முகவரியும் போட்ட நோட்டீசை அந்தக் கண்ணாடியிலேயே ஒட்டுவார்கள். மனு கொடுக்காவிட்டால், காருக்கும் அதற்குள் இருப்பதற்கும் மனைக்காரரே பொறுப்பு.

"உள்ள இருக்கறதுன்னா? உள்ள என்ன இருக்கு?" என்றார் கணவர்.

"பேர் போடாம எழுதிடேன்," என்றார் அவரே.

"மொட்டை மனுவப் பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டாங்களாம்."

"அப்போ டிரைவர் பேரப் போடு. ஆளும் வாட்டசாட்டமா இருக்காரு."

"அண்ணே, வாட்டசாட்டமெல்லாம் சட்டைலதான். அதுவும் நீங்க தைச்சது."

சிரிக்கத்தான் பார்த்தோம். அதற்குள் குட்டி தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அக்கா, அது கைவிட்ட கார் இல்ல. நேத்து அந்தக் கண்ணாடியில நகைக்கடை விளம்பரம் இருந்துச்சு. இன்னிக்கு வேற பேப்பர்."

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். தாளின் தலைப்பில் அன்றைய தேதி. பசை இன்னும் காயவில்லை. எங்கள் ஜன்னலைப் பார்த்த பக்கத்துத் தாளில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதில் கண்ணை வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. திரும்பி உள்ளே வந்து, பார்த்ததைச் சொன்னேன். கேட்டதும் டிரைவர் தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு போலீசுக்குப் போன் போட்டார்.

"எழுத்துல குடுங்க, வந்து பாக்கறோம்கறாங்கக்கா."

இரண்டு இடத்துக்கும் ஒரே மனு எழுதினேன். 'கைவிடப்பட்ட' என்று பழக்கத்தில் எழுதிய சொல்லை அடித்துவிட்டு, 'ஆள் புழங்கும்' என்று மாற்றினேன். கீழே பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது.

"என் பேரப் போடுக்கா," என்றாள் குட்டி.

"பைத்தியமா உனக்கு? அவனா இருந்தா?"

"அவனா இருந்தா, நான் இங்க இருக்கறது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. வேற யாராச்சும்னா, என்னை அவங்களுக்குத் தெரியாது. அத்தான் பேரு தெருவுக்கே தெரியும், கடையில தனியா உக்காந்திருக்கறவரு."

"நீ பேசாம இரும்மா," என்றார் கணவர்.

அவள் பேனாவை வாங்கித் தன் முழுப்பெயரை எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. நடுவில் ஒருமுறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் எழுதி முடித்தாள்.

உறைகளை நான் ஒட்டினேன். நாக்கு வறண்டு கிடந்ததால் பசை பிடிக்கவில்லை. டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்துத் தடவி, மேலே கையை வைத்து அழுத்திப் பிடித்தேன். டிரைவர் இரண்டையும் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார். வேன் கிளம்பித் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்கும்வரை நாங்கள் மூவரும் அசையவில்லை.