பாய் கடை மூளை

மெர்வினின் காருக்குள் இரண்டு வருடம் ஆட்டு மூளை இருந்தது. அது கெட்டுப்போகவில்லை. பெருங்களத்தூரில் காலையில் காய்ச்சிய பால் மதியத்துக்குள் திரிந்துவிடும், தண்ணீர் கேனில் பாசி பிடிக்கும், சாக்கடை மூடியைத் திறந்தால் திரும்ப மூட ஆள் வராது. அப்படிப்பட்ட ஊரில் அந்த மூளை மட்டும் வாங்கிய அன்றைய நிறத்திலேயே, மஞ்சள்தூள் தடவிய மினுமினுப்போடு, ஒரு பந்தயக் காரின் எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளில் பந்தயத்துக்காகவே ஜப்பானிலிருந்து மெட்ராசுக்கு இறக்கிய கார் அது. இரண்டே கதவு, தரையை உரசும் வயிறு. மெர்வினுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் பெயிண்ட் பரிசோதிக்கும் வேலை. நாள் முழுக்கப் புதுக் கார்களைத் தடவிப் பார்த்தவன், கல்யாணமான வருடம் இந்தப் பழைய காரை வாங்கி வந்து மனைவி ஈவ்லினைவிட அதிகமாக அதைத் தடவினான். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் முடிச்சூர் வாடகை வீட்டு வாசலில் அது மூழ்கியது. வீட்டுக்குள் ஈவ்லினின் கல்யாணப் புடவையும் சர்டிபிகேட்டுகளும் மூழ்கின. மெர்வின் முதலில் காரைத்தான் தள்ளப் போனான். இதை ஈவ்லின் யாரிடமும் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை. தண்ணீர் வடிந்தபோது எஞ்சின் பிழைத்திருந்தது. செத்துப்போனது அதன் கம்ப்யூட்டர். டிபன் டப்பா அளவில் ஓர் அலுமினியப் பெட்டி. ஓட்டுபவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவரின் காலடியில், விரிப்புக்குக் கீழே இருக்கும். எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் பொறி என்று எஞ்சினுக்குச் சொல்வது அதுதான். பந்தயத்துக்கென்று தனியாகச் செய்தது, வேறு பெட்டியை அந்த எஞ்சின் ஏற்காது. பழைய பெட்டியைத் திறந்தபோது உள்ளே பச்சைச் சேறும் செத்த நண்டுக்குஞ்சும் இருந்தன. மெக்கானிக் அயூப் அந்தப் பெட்டியை எப்போதும் மூளை என்றுதான் சொல்வார். "மூளை பூட்ச்சுண்ணா. ஒடம்பு நல்லாத்தான் கீது. மூளை கெடச்சா நாளைக்கே ஓடும்," என்றார். அந்த நாளை வர ஏழு வருடம் ஆனது.

ஏழு வருடமும் மெர்வின் பெட்டி தேடினான். அவனைப் போலவே மண்டை கெட்டவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அவர்கள் போனில் கூட்டம் சேர்த்துக்கொண்டு, கைக்குழந்தையைக் காட்டுவதுபோலத் துருப்பிடித்த ஸ்குருக்களைப் படம் பிடித்துக் காட்டினார்கள். மலேசியாவிலிருந்து ஒருவன் அனுப்பிய பெட்டிக்குள் பழைய ரேடியோ இருந்தது. இன்னொருவனிடமிருந்து வந்த பெட்டி அசல்தான், அதற்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. இதற்கிடையில் அவர்கள் பெருங்களத்தூரில் ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிவந்தார்கள். மெர்வின் வேலை முடிந்து வந்தால் மாடிக்கு ஏறமாட்டான். கார் நிறுத்துமிடத்திலேயே பானட் மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டான், காருக்குள்ளேயே சாய்ந்து தூங்கினான். விரலிடுக்கில் கிரீஸ், சோற்றில் கிரீஸ். ஈவ்லின் படப்பையில் ஒரு பள்ளியில் டீச்சர். மாலையில் வந்து சமைப்பாள், ஒரு தட்டைக் கீழே கொடுத்தனுப்புவாள், இன்னொரு தட்டோடு மேஜையில் தனியாக உட்காருவாள். மேஜையில் இரண்டாவது நாற்காலி மேல் துணி மடித்து வைக்கத் தொடங்கியிருந்தாள்.

அந்த ஏழாம் வருடம், நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று அவள் கீழே இறங்கி வந்தாள். "ஈஸ்டருக்குள்ள இது ஓடணும். இல்லன்னா காயலாங்கடைக்குப் போகணும். ரெண்டும் நடக்கலன்னா நான் போயிடுவேன். ஏழு வருஷமா சுவத்தப் பாத்துச் சாப்பிடறேன். எனக்குக் கார் வேணாம், எதிர்ல ஒரு ஆள் வேணும்." மெர்வின் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "டார்ச்சக் கொஞ்சம் புடி," என்றான்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, படப்பையில் பழைய கார்களைப் பிரித்து விற்கும் ஃபைஸ் பாய் மெர்வினுக்குப் போன் செய்தார். அதே பெட்டி, அசல், எலி இல்லை. மெர்வின் ஷிஃப்டில் இருந்தான். ஈவ்லினுக்கு அன்று ஸ்பெஷல் கிளாஸ். அவன் அவளைக் கூப்பிட்டபோது அவள் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள், பக்கத்தில் ஜல்லி லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்தன. "ஈவ்லின், பாய் கடையில மூளை எடுத்து வெச்சிருக்காரு. வரும்போது வாங்கிட்டு வந்துடு. லேட் பண்ணா வேற எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்." நாற்பது நாள் கறியில்லாமல் இருந்த வீட்டில், விடிந்தால் ஈஸ்டர் என்னும்போது, படப்பைக் கடைத்தெருவில் நிற்கும் ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்குப் பாய் கடை என்றால் ஒரே கடைதான். மட்டன் கடை வரிசையில் அவள் நின்றாள். ஏழு வருடத்தில் அவன் அவளிடம் சாப்பிடக் கேட்ட முதல் பொருள் அது. வீட்டுக்கு வந்து நரம்பு எடுத்து, மஞ்சள்தூள் போட்டு அலசி, எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு அவள் கீழே இறங்கியபோது புடவை மாற்றியிருந்தாள் என்று அயூப் பின்னால் எல்லாரிடமும் சொன்னார்.

மெர்வினும் அயூப்பும் விரிப்பைச் சுருட்டி, ஒயர்களைச் சீவி, காத்திருந்தார்கள். "எங்க?" என்றான் மெர்வின்.

"இதோ. பெப்பர் போட்டு வறுக்கவா, முட்டை ஊத்தவா?"

அயூப் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். "அய்ய, இது ஆட்டு மூளை, அக்கா." சிரிக்க ஆரம்பித்தவர் மெர்வின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"உனக்கு மூளை இருக்கா?" என்றான் மெர்வின். "ஃபைஸ் பாய் கடைன்னு தெரியாதா? இதக்கூடச் சரியா செய்ய மாட்டியா?"

ஈவ்லின் காருக்குள் எட்டிப் பார்த்தாள். "உங்க காருக்குத்தான மூளை வேணும்? இந்தாங்க." விரிப்புக்குக் கீழே பெட்டி இருந்த குழிக்குள் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். ஒயர் முனைகளின் பித்தளை ஊசிகள் ஒவ்வொன்றாக மூளைக்குள் இறங்கின. சாவி மெர்வினின் சட்டைப் பையில் இருந்தது. எஞ்சின் ஒருமுறை தும்மி, ஓடத் தொடங்கியது.

ஃபைஸ் பாயின் பெட்டியை அதற்குள் ஒரு பாலக்காட்டுக்காரன் வாங்கிப் போய்விட்டான். சொன்ன நாளுக்குள் கார் ஓடிவிட்டதால் ஈவ்லினும் போகவில்லை. ஆனால் கார் ஆடு மாதிரிதான் ஓடியது. நாற்பதைத் தாண்டாது. முன்னால் எந்த வண்டி போனாலும் அதன் பின்னாலேயே போகும். தாம்பரத்துக்குக் கிளம்பினால் செங்கல் லாரி பின்னால் ஊரப்பாக்கம் போய் நிற்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டத்தில் ஜிஎஸ்டி ரோடே உறைந்து நின்றபோது இது மட்டும் நடுத்தடுப்பின் மேல் ஏறி, அரளிச் செடிகளை மேய்ந்தபடி போனது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைத் தெருவில் நுழையாது, முனையிலேயே நடுங்கும். நிறுத்தி வைத்த இடத்தில் பானட் உயரம்வரை சுவரில் போஸ்டர் இருக்காது. காற்று வடிகட்டியைத் திறந்தால் கண்ணீர் அஞ்சலிக்காரர்களின் அரை முகங்கள். சைலன்சரிலிருந்து கறுப்பாக உருண்டை உருண்டையாக விழுந்தது. அடுக்ககச் செயலாளர் பட்டாபிராமன் ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். "மெர்வின் சார், கோச்சுக்கப்படாது. உங்க கார் புழுக்கை போடறது. செடிக்கு நல்லதுன்னு தோட்டக்காரன் அள்ளிண்டு போறான், அது வேற விஷயம். ஆனா பெருமாள் படத்துக்கு வெச்சிருந்த துளசியக் காணோம்." மெர்வின் துளசித்தொட்டியை மாற்றிக் கொடுத்தான். ஊர் அதோடு விட்டுவிட்டது. புழுக்கை போடும் காரைவிட மோசமானவை அந்தத் தெருவில் நின்றன, அவற்றுக்கு இன்ஷூரன்ஸ்கூட இல்லை.

மெர்வின் மட்டும் விடவில்லை. ஈசிஆரில் பழைய கார்களின் ஊர்வலம் ஒன்றுக்குப் பேர் கொடுத்து, மெழுகு போட்டு எடுத்துப் போனான். கொடி அசைந்ததும் கார் வரிசையிலிருந்து விலகி ஒரு குப்பை லாரியின் பின்னால் போய்விட்டது. கோவளம்வரை அந்த நாற்றத்தைக் குடித்துக்கொண்டே போனான். திரும்பி வந்தவன் மறுபடி கார் நிறுத்துமிடத்திலேயே தங்கினான், பானட் மேல் சாப்பிட்டான், போனில் ஸ்குருக்களைப் பார்த்தான். ஈவ்லின் இரண்டாவது நாற்காலியில் மறுபடி துணி மடித்து வைத்தாள்.

ஆட்டு மூளை போட்டு இரண்டு வருடம் ஆனபோது ஃபைஸ் பாய் மூலமாகவே அசல் பெட்டி வந்தது. பாலக்காட்டுக்காரனின் மனைவி விற்றுவிட்டாளாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அயூப் விரிப்பைச் சுருட்டினார். மூளை ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. ஒயரைத் தொட்டதும் ஹாரன் தானாக அடித்தது. அது ஹாரன் சத்தம் இல்லை என்பது மூன்றாம் மாடிவரை கேட்டது.

"அண்ணா, இது உசுரோட கீது. ரெண்டு வருஷம் ஒயச்சிருக்குது. என்னால ஆவாது."

"பாய், நீ மெக்கானிக்கா, இன்னா நீ? புடுங்கு."

அயூப் நகரவில்லை. மெர்வினே கையை விட்டுப் பிடுங்கினான். சத்தம் நின்றது. எவர்சில்வர் கிண்ணத்தில் அதைப் போட்டு, பெட்டியைச் சொருகி, சாவியைத் திருப்பினான். எஞ்சின் பட்டுப்போலப் பிடித்தது. வெளிவட்டச் சாலையில் நூற்றறுபது போய்த் திரும்பி வந்து, ஸ்டியரிங்கில் முகம் வைத்து அழுதான். வாசனையில்லை, புழுக்கையில்லை, ஒன்றுமில்லை. ஈவ்லின் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். "இத என்ன பண்றது?" என்றாள். "தூக்கிப் போடு," என்றான் அவன்.

அவள் தூக்கிப் போடவில்லை. மாடிக்குப் போய்ச் சின்ன வெங்காயம் அரிந்து, மிளகை நுணுக்கி, அன்றைக்குச் செய்ய நினைத்தபடியே வறுத்தாள். நாற்காலி மேலிருந்த துணியை எடுத்தாள். வாசனை படிக்கட்டு வழியாக இறங்கியது. மெர்வின் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஏறி வந்து உட்கார்ந்து, விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டான். என்ன சாப்பிடுகிறோம் என்று கேட்கவில்லை. இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். அவள் தொடவில்லை.

திங்கள்கிழமை அவன் கம்பெனி பஸ்ஸில் முன்னால் நின்றவன் ஏறியதும் ஏறினான், இறங்கியதும் இறங்கினான். எல்லாரும் தலையாட்டினால் ஆட்டினான். கம்பெனியில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஏப்ரலில் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சர்ச்சில் எழுந்தவர்களோடு எழுந்தான், உட்கார்ந்தவர்களோடு உட்கார்ந்தான். மாலையில் நேராக வீடு, நேராக மேஜை. கீரை என்றால் மறுபேச்சில்லை. கார் கீழேயே நின்றது, டயரில் காற்று இறங்கியது, அவன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது தெருச்சுவர்களில் போஸ்டர் அவன் வாய் எட்டும் உயரம்வரை இருப்பதில்லை. பட்டாபிராமன் துளசித்தொட்டியை மொட்டை மாடிக்கு மாற்றிக்கொண்டார். ஈவ்லின் எதிரில் ஆள் வைத்துச் சாப்பிடுகிறாள். கதவை மட்டும் மேல்தாழ்ப்பாள் போட்டு வைக்கிறாள். போன ஈஸ்டருக்கு முந்தின நாள் படப்பையில் கறி வாங்க நின்றபோது, மட்டன் கடை பாய் அவளை அடையாளம் கண்டுகொண்டு, "டீச்சரம்மா, நல்ல மூளை ஒண்ணு கீது. எடுத்து வெக்கட்டுமா?" என்றார்.

"வேணாம் பாய்," என்றாள் ஈவ்லின். "வீட்ல இருக்கு."