ஞானேஸ்வரி தெரிந்தெடுத்த அடுப்பு

1

இந்தக் கதையை நான் பொறாமையால் எழுதத் தொடங்கினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். பொறாமை ஓர் அடுப்பின் மேல். பெர்னுக்குப் பக்கத்தில், துன் நகரத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பழைய மரவீட்டின் மேல்மாடியில் ஆறு கிழமை மட்டும் இருந்துவிட்டுப் போன விறகடுப்பு. சமைக்கிற அடுப்பு இல்லை, அறையைச் சூடாக்குகிற அடுப்பு. அதன் மேல் ஓர் ஆண்பிள்ளை பொறாமைப்பட முடியுமா என்று கேட்பீர்கள். நான் பட்டேன்.

எப்படித் தொடங்குவது என்று மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

'1987 ஐப்பசியில் பாலேந்திரன் என்பவரின் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. அதில்...'

'பாலேந்திரன் நல்லவர்தான். ஆனாலும்...'

'தன் மனைவிக்கு வேறொருவர் பாடம் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கணவனுடைய...'

மூன்றையும் விட்டுவிட்டேன். பாலேந்திரன் என்று ஒருவரும் இல்லை. அந்தக் கணவன் நான்தான். பெயர் தவச்செல்வன். ஓட்டல் சமையலறையில் கோப்பை கழுவுகிறேன், மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். மனைவியின் பெயரையும் மாற்றவில்லை. ஞானேஸ்வரி.

(ஒரு விளக்கம். இந்தச் சஞ்சிகைக்கு அச்சகம் கிடையாது. கையால் எழுதிய ஒரு பிரதியைப் பெர்னில் ஒரு நண்பர் போட்டோகொப்பி எடுத்து எண்பது பேருக்குத் தபாலில் அனுப்புகிறார். என் கதைகளைப் படியெடுப்பவள் ஞானேஸ்வரி. என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அவள் ஊரில் பெண்கள் கல்லூரியில் இரசாயனம் படிப்பித்தவள், கரும்பலகை எழுத்து. இந்தப் பக்கங்களை அவள் இன்னும் பார்க்கவில்லை.)

2

அந்த அடுப்பு எங்கள் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் மிளகாய்த்தூள். கெமைண்டவில் இதை இன்றுவரை ஒருவரும் அறியார். (கெமைண்ட என்பது ஊராட்சி அலுவலகம். எங்கள் மூச்சைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு கோப்பு இருந்தது. அந்த வருடம் மூச்சுக்கும் ஒன்று திறந்தார்கள்.)

ஒரு சனிக்கிழமை, பெர்னில் வாங்கி வந்த இரண்டு கிலோ காய்ந்த செத்தல் மிளகாயைத் தூளாக்குவதற்கு வறுக்கத் தொடங்கினேன். வீட்டோடு இருந்த பழைய இரும்பு அடுப்பின் தலையில் தாச்சியை வைத்தேன். நெருப்பை மெல்ல எரியவிடும்படி ஞானேஸ்வரி சொன்னாள். அவள் சொன்னதற்காகவே நான் விறகைத் திணித்தேன். மிளகாய் கருகிவிட்டது. யன்னல்களைத் திறந்தோம். புகை வெளியே போய், பக்கத்து வீட்டு முற்றத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த குடும்பத்தின் மேல் இறங்கியது. அவர்கள் இருமிக்கொண்டு உள்ளே ஓடுவதை நாங்கள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தோம்.

அவர்கள் கெமைண்டவுக்கு எழுதினார்கள், எங்கள் புகைபோக்கி நஞ்சு கக்குகிறது என்று. காற்றைச் சுத்தமாக வைத்திருக்க முந்தின வருடம்தான் ஒரு சட்டம் வந்திருந்தது. காடுகள் சாகின்றன என்று நாடே கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலம். அதிகாரி வந்து அடுப்பைத் திறந்து பார்த்தார். புகை குறைந்த புது அடுப்பு வைக்க வேண்டும், அதைத் தானே வந்து பார்த்துச் சம்மதம் தர வேண்டும், இல்லாவிட்டால் இந்த வீட்டில் விறகே எரிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். கருகியது மிளகாய்தான் என்று சொல்ல ஞானேஸ்வரிக்கு ஜெர்மன் இருந்தது. ஆனால் அகதி வழக்கு முடியாமல் இருப்பவர்கள் அதிகாரியிடம் எதையும் கூடுதலாகச் சொல்வதில்லை. பேசாமல் கையெழுத்து வைத்தோம்.

வீட்டுக்காரி ஃப்ராவ் கெர்பர் எழுபது வயதுக்காரி, முழங்கால் வருத்தக்காரி. அவள், எரிக்கப் போவது நீங்கள், போய் நீங்களே தெரிந்தெடுங்கள் என்று பக்கத்து ஊர் ஸ்டெஃபிஸ்பூர்க்கில் இருக்கும் அடுப்புக்காரரின் விலாசத்தைத் தந்தாள். ஹெர் வூத்ரிச். (ஹெர் என்றால் திரு, ஃப்ராவ் என்றால் திருமதி.)

3

இனி ஹெர் வூத்ரிச்சை வர்ணிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் கதை பலநாள் நின்றது.

முதல் வரைவில் அவருக்கு முப்பத்தைந்து வயது கொடுத்தேன். நீலக் கண், சுருட்டை முடி, சட்டையின் மேல் பொத்தானைப் போடாத பழக்கம். வாசகர்கள் உடனே என் பக்கம் வந்துவிடுவீர்கள் என்று கணக்குப் போட்டேன். உண்மையில் அவருக்கு அறுபத்தொன்று. காது கேட்கும் கருவி வைத்திருந்தார். கை முழுக்கக் களிமண். ஒரு குறையாவது கிடைக்கும் என்று நான் அவரை நன்றாகக் கவனித்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அதுவே எனக்கு அவர் மேல் வந்த முதல் கோபம்.

அவர் பட்டறையில் மூன்று அடுப்புகளைக் காட்டினார். ஒன்று கண்ணாடிக் கதவு வைத்த பெரிய இரும்பு அடுப்பு. எனக்கு அது பிடித்துவிட்டது. குளிர் நாட்டுக்குப் பெரிய அடுப்புத்தானே வேண்டும். மற்றது ஓடு பதித்தது. மூன்றாவது உள்ளே களிமண் கல் அடுக்கிய சிறிய அடுப்பு, பார்க்க ஒன்றுமில்லை. ஞானேஸ்வரி அதன் முன்னால் குந்தியிருந்து, மேலே இருந்த சிறு துளைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அவர் ஏதோ சொன்னார். அவள் திரும்பி ஏதோ கேட்டாள். அவர் தன் காதுக் கருவியின் ஒலியைக் கூட்டினார். என்னுடைய ஜெர்மன் தட்டு, கோப்பை, சூடு, கெதியாகச் செய் என்ற அளவோடு நின்றிருந்தது. நான் பெரிய அடுப்பின் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

பேருந்தில் வரும்போது அவள் எனக்கு விளங்கப்படுத்தினாள்.

"இஞ்சேருங்கோ, புகை எண்டிறது எரியாமல் மிஞ்சின விறகுதான். மேலை இருக்கிற ஓட்டையளாலை சூடான காத்து வந்தால் புகையும் எரிஞ்சிடும். பெரிய அடுப்பை வாங்கி, வெக்கை கூடிப்போச்செண்டு காத்தை மூடினால்தான் கரும்புகை வரும். சின்ன அடுப்பை நல்லா எரியவிடவேணும்."

நான் ஓம் என்றேன். அவள் இப்படி முகம் மலர்ந்து கதைத்து இரண்டு வருடமாகியிருந்தது.

(இங்கே பொறாமையை எரியாத புகைக்கு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. அந்த அறிவு அவளுடையது, அதையும் திருடி என் கதைக்குப் போட்டுக்கொள்ள மனம் வராமல் வெட்டிவிட்டேன்.)

அறையை அளக்க வீட்டில் அளவுநாடா இல்லை. கலியாணக் கூறைச்சேலையை எடுத்து, அது ஆறு யார், அதாவது ஆறு கெஜம், என்பதால், நிலத்தில் விரித்தும் சுவரில் பிடித்தும் நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்தாள். முந்தானையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த கிழமை ஹெர் வூத்ரிச் இந்த அறைக்கு நடுத்தர அளவு வேண்டும் என்றார். அவள் தன் கணக்கை எழுதிய கொப்பியை நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு பக்கமும் வாசித்து, பென்சிலால் தன் எண்ணை வெட்டி, அவளுடைய எண்ணை எழுதினார். பிறகு தலையைக் குனிந்து அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தார், கேலியாக இல்லை.

அந்த வணக்கத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் அவரோடு ஓடிப்போவாள் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை, என்னை அவ்வளவு முட்டாளாக எண்ண வேண்டாம். அவள் என்னிடம் கேட்காத கேள்விகளை அவரிடம் கேட்டாள், அதுதான். என் கதையைப் படியெடுக்கும் மேசையில், அதே நீல மைப் பேனையால், அவள் அடுப்பின் குறுக்குவெட்டுப் படங்களைக் கீறினாள். என் கதை மூன்று கிழமை பக்கத்தில் கிடந்தது. நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதையே ஒரு தண்டனையாக அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

4

அடுப்பு கார்த்திகைக் கடைசியில் வந்தது. சின்ன அடுப்புத்தான். அறை முழுக்க இதமாக இருந்தது, ஃப்ராவ் கெர்பர் முழங்காலைச் சூடு காட்ட நாள்தோறும் மேலே ஏறி வந்தாள். வெளியே போய்ப் பார்த்தால் புகைபோக்கிக்கு மேலே காற்று மெல்ல நடுங்குவது மட்டும் தெரியும்.

ஹெர் வூத்ரிச் அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் பட்டறையில் புது அடுப்புகளை எரித்துப் பார்த்துக் குறிப்பெடுக்க ஒரு ஆள் தேவை, ஞானேஸ்வரிக்கு வேலை அனுமதி கொடுங்கள் என்று. அவள் அளந்து தெரிந்தெடுத்த அடுப்புக்கு அதிகாரி கொடுக்கும் சம்மதத்தையும் அதனோடு இணைத்து அனுப்புவதாக ஏற்பாடு. தமிழ்ப் பெண்களுக்குத் துணி துவைக்கும் இடத்திலும் கட்டில் விரிக்கும் இடத்திலும் மட்டுமே வேலை கிடைத்த நாட்கள் அவை. அந்தக் கடிதத்தை அவள் எனக்கு இரண்டு முறை மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினாள்.

(இனி வருவதை மூன்றாம் ஆளில் எழுதிப் பார்த்தேன். 'பாலேந்திரன் எழுந்தார். பாலேந்திரன் கீழே போனார்.' அந்த மனிதனை மறுபடியும் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று வெறுப்பாக இருந்தது.)

மார்கழியில் ஒரு காலை, பத்து மணிக்கு அதிகாரி வந்தார். புகை பார்க்கும் முறை எளிது. தெருவில் நின்று புகைபோக்கியைப் பார்க்க வேண்டியதுதான். ஞானேஸ்வரி நன்றாகக் காய்ந்த விறகை அடுக்கி, அடுப்புக்குள் காற்றை விடும் பிடியைத் திறந்து வைத்து, நெருப்பு வெண்மையாக எரியும்வரை நின்றாள். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். அடுப்பைத் தொடவேண்டாம் என்றுகூட என்னிடம் சொல்லவில்லை.

யன்னலால் பார்த்தேன். பனியில் நாலு பேர் நின்றார்கள். அதிகாரி, ஃப்ராவ் கெர்பர், ஹெர் வூத்ரிச், நடுவில் இவள். இவள் கையை உயர்த்திப் புகைபோக்கியைக் காட்டி ஏதோ சொல்ல, மூன்று வெள்ளைக்காரரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

நான் பின்படியால் இறங்கி, கூரைப் பீலியிலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்தில் கிடந்த ஈரக் கட்டைகளில் மூன்றைத் தூக்கி வந்து அடுப்புக்குள் போட்டேன். காற்றுப் பிடியை முழுதாக மூடினேன்.

இதற்கு நியாயம் சொல்ல ஒரு நீண்ட வசனம் எழுதி வைத்திருந்தேன். 'ஒரு மனிதன் தன்னுடைய நாட்டையும் மொழியையும் இழந்து, கடைசியில் தன் வீட்டிலும்...' வேண்டாம். நான் அவளைப் பார்த்து எரிந்தேன், அவ்வளவுதான்.

புகைபோக்கியிலிருந்து வந்தது கரும்புகை. யன்னலைச் சற்றுத் திறந்தேன், நாலு பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். ஹெர் வூத்ரிச் மேலே போய் அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று வாசல் பக்கம் நடந்தார். ஞானேஸ்வரி அவருடைய கையைப் பிடித்து மறித்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்டது, அந்த ஜெர்மன் எனக்கும் விளங்கும். என்னுடைய பிழை என்றாள்.

மேலே வந்து கோட்டைக் கழற்றிவிட்டு அடுப்பைப் பார்த்தாள். நான் அதற்குள் கதவைச் சாத்திவிட்டு மேசையில் இருந்தேன்.

"நீங்கள் ஏதும் போட்டனீங்களோ?"

"இல்லை."

நான் சொன்ன கதைகளிலே மிகச் சிறியது அதுதான்.

அதிகாரி சம்மதம் தராமல் போய்விட்டார். ஹெர் வூத்ரிச் இன்னொரு நாள் எரித்துக் காட்டலாம் என்று இரண்டு முறை வந்து கேட்டார். தேவையில்லை என்று இவள் சொல்லிவிட்டாள். கடிதம் போகவில்லை. தையில் அடுப்பைக் கழற்றிக்கொண்டு போனார்கள், ஃப்ராவ் கெர்பர் மின்சார ஹீட்டர் வாங்கி வைத்தாள். ஞானேஸ்வரி இப்போது ஓட்டல் லாண்டரியில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். என் கதைகளை உடனுக்குடன் படியெடுத்துத் தருகிறாள். நான் ஆசைப்பட்டது அதுதான். அவள் படியெடுத்த அந்தப் பக்கங்களை என்னால் வாசிக்க முடியவில்லை.

5

முடிவுகள்.

(அ) கணவன் உண்மையைச் சொல்கிறான். மனைவி அழுகிறாள், பிறகு சிரிக்கிறாள். இருவரும் தேநீர் குடிக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

(ஆ) மனைவி பெட்டியை எடுத்துக்கொண்டு ஃப்ரிபூர்க்கில் இருக்கும் தங்கை ஜெயகௌரியிடம் போய்விடுகிறாள். கணவன் ரயில் மேடையில் நிற்கிறான். இதில் வாசகர்கள் கணவனுக்காக இரங்குவீர்கள். அந்த இரக்கத்துக்கு ஆசைப்பட்டுத்தான் எழுதினேன், அதனால் கிழித்தேன்.

(இ) கணவன் கடைசிவரை சொல்வதில்லை. இதை எழுதத் தேவையில்லை. பதினாலு மாதமாக இதைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

6

ஆகவே இப்படிச் செய்யப் போகிறேன். நாளைக் காலை இந்தத் தாள்களை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். மூன்று மணிக்கு வேலை முடிய ஸ்டெஃபிஸ்பூர்க் பேருந்தில் ஏறி ஹெர் வூத்ரிச்சிடம் போவேன். ஜெர்மனில் மூன்று வசனம் பாடமாக்கியிருக்கிறேன். ஈரக் கட்டை போட்டது நான். காற்றை மூடியது நான். அவளுடைய அடுப்பு சரி. பிறகு கெமைண்டவுக்கும் போய் அதையே சொல்வேன். எங்கள் வழக்குக்கு அதனால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது.

அவர் அந்தக் கடிதத்தை மறுபடி எழுதுவாரா, இவள் அதை வாங்குவாளா, என்னோடு இருப்பாளா என்பதை நான் எழுதப் போவதில்லை. இப்படிப்பட்ட கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது ஒரு சாமர்த்தியம். எனக்கு இப்போது சாமர்த்தியம் இல்லை. இந்தக் கதைக்கு முதல் வாசகர் ஒருவர்தான், விடுவதென்றால் அவரிடம்தான் விட வேண்டும். கீழே அரைப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அவள் இதைப் படியெடுக்காமல் அடுப்பிலே போடலாம் என்று எழுதப் போய், வீட்டில் அடுப்பு இல்லையே என்று

[படியெடுத்தவர் குறிப்பு: வசனம் இதோடை நிக்குது, நான் முடிக்கேல்லை. கட்டை மூண்டு இல்லை, நாலு. அண்டைக்கே பீலிக்குக் கீழை போய்க் குறைஞ்சதை எண்ணிப் பாத்தனான். அந்நிய ஆக்களுக்கு முன்னாலை உங்களை விட்டுக்குடுக்க மனம் வரேல்லை, அதுதான் என்ரை பிழை எண்டு சொன்னனான். பிறகு நீங்களாச் சொல்லுவியள் எண்டு பதினாலு மாசம் பாத்துக்கொண்டிருந்தன். அதுதான் உண்மையிலை என்ரை பிழை. ஹெர் வூத்ரிச்சிட்டை நீங்கள் போகத் தேவையில்லை. அவர் இன்னும் ஆள் எடுக்கேல்லையாம், காலமை ரெலிபோன் எடுத்துக் கேட்டனான். நான் இப்ப அவரிட்டைப் போறன். சோறு வடிச்சு வைச்சிருக்கு. இனி உங்கடை கதையளை நீங்களே படியெடுங்கோ. — ஞானேஸ்வரி]