நாலு சேரட்டும்

ஈரத்துணியால் அம்மாவின் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகளின் கைபேசி அதிர்ந்தது. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி ஆய்வகத்து அண்ணன். எந்நேரமும் கண் சொருகியே இருப்பதால் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். இன்று குரல் நன்றாக விழித்திருந்தது.

"பாப்பா, உங்கம்மா ரிசல்ட் வந்துருச்சு. மாத்திரைக்குக் கேக்குற வகைதான். இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்."

"அண்ணே, அம்மா காலையில போயிட்டாங்க."

மறுமுனையில் அவர் ஆய்வக மெஷினை அணைக்கும் சத்தம் கேட்டது.

மார்பில் வந்த கட்டி எந்த வகை என்று அந்த மெஷின் சொல்லும். அது சொன்ன பிறகுதான் மருந்து என்றிருந்தார் டாக்டர். ஒரே ஓட்டத்தில் நாலு பேரின் சதைத் துணுக்குகளை வைக்கலாம். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் மெஷினைச் சரிபார்க்க ஒரு குப்பி ரசாயனம் செலவாகும். குப்பி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதனால் நாலு சேரும்வரை காத்திருப்பது ஆய்வக வழக்கம். அம்மாவுடையது முதலில் வந்தது. மற்றவை வந்து சேர்வதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. தனியாக ஓட்டிவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள் என்று தூங்குமூஞ்சியே ஒருநாள் சொன்னார். நாலு சேரட்டும் என்றவள் மகள்தான். தன் வீட்டுக்கு ஒரு நியாயம் என்று பின்னால் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது.

பெற்ற மகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து என்ன பிரயோஜனம் என்று சித்தி வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அதன்மேல் பொத்தான் டப்பா, கழுவித் துடைத்து, காலியாக. மாத்திரை வந்தால் போட்டுவைக்க என்று அப்போதே ஒழித்துவைத்தது. பொத்தான்கள் காகிதப் பொட்டலத்துக்குப் போய்விட்டன. "மாத்திரையவே காணோம், அதுக்குள்ள உங்கப்பா அதுக்கு வீடு கட்டிட்டாரு" என்று அம்மா சிரித்திருந்தாள்.

"ஆஸ்பத்திரியிலேருந்தா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"அது வந்துருச்சா?"

அவள் துணியை வாளியில் அலசிப் பிழிந்தாள்.

"வந்துருச்சு. மாத்திரைக்குக் கேக்காத வகையாம்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"அப்ப, முன்னாடியே வந்திருந்தாலும்..."

"ஒண்ணும் ஆகியிருக்காதுப்பா."

தலையாட்டினார். காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். டப்பாவைச் சாய்த்துப் பிடித்து, சத்தம் வராமல், பொத்தான்களை ஒவ்வொன்றாக உள்ளே போட்டார்.

துடைத்த பாதத்தையே அவள் மறுபடியும் துடைத்தாள்.