ஏழாவது ஷரத்து

மனித குல வரலாற்றில், பிறந்தது முதல் இன்றுவரை எவரிடமும் அனுமதி கேட்டு ஒரு கையைக்கூட உயர்த்தாமல் வாழ்ந்த ஒரே ஆள் நான்தான் என்பதை மிகுந்த அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். தொட்டிலில் கிடந்தபோதுகூட நான் பால் கேட்டு அழுததில்லை. அறிவித்தேன். இதற்கு ஆதாரம் நானே.

உரிமை என்பது கேட்டு வாங்குகிற சரக்கு அல்ல. கேட்டு வாங்கினால் அதற்குப் பெயர் சலுகை. இதை நான் கல்லூரி கேன்டீனில் சொல்லாத நாளில்லை. நான் ஆரம்பித்ததும் நண்பர்கள் டீயைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார்கள். பேச்சுச் சுதந்திரத்தில் எழுந்து ஓடும் சுதந்திரமும் அடக்கம் என்பதால் நான் அதைத் தடுத்ததில்லை.

அம்மாவுக்குத் தையல் ஃபேக்டரியில் வேலை. எங்கள் கல்லூரிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஃபேக்டரி. அங்கே ஒரு வரிசை மெஷின்களுக்கு ஒரே ஒரு அட்டை. பாத்ரூம் போக வேண்டியவர் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சூப்பர்வைசர் பார்த்து, மனமிரங்கி, அந்த அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தால் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்திருக்கலாம். அதுவரை ஒரு கை மேலே, இன்னொரு கை ஊசிக்குக் கீழே ஓடும் துணியில்.

அம்மா இதைச் சொன்ன நாளிலிருந்து வீட்டில் எனக்கு நல்ல பொழுதுபோக்கு. பாத்ரூம் கதவருகே நின்று கையைத் தூக்குவேன்.

"மேடம், அட்டை குடுங்க மேடம். முட்டுது மேடம்."

"சிரிடா, சிரி. ஒரு நாள் அங்க வந்து உக்காந்து பாரு."

"நானா இருந்தா கேக்கவே மாட்டேன். எந்திரிச்சுப் போய்ட்டே இருப்பேன்."

"ஆமா, போவ. உனக்கும் சேத்து நான்தானே அங்க கையத் தூக்கிட்டு உக்காந்திருக்கேன்."

(கேலிக்காக உயர்த்திய கை கணக்கில் வராது. முதல் பத்தி அப்படியே நிற்கிறது.)

போன வாரம் அம்மா அட்டைக்குக் காத்திருக்காமல் எழுந்து போய்விட்டாள். திரும்பி வந்தபோது மெஷின் மேல் உறை போட்டு மூடியிருந்தார்கள். அனுமதியின்றி மெஷினை விட்டுப் போன குற்றத்துக்கு விசாரணை என்றார்கள்.

"என் பேச்சைக் கேட்டுத்தான போன?" என்று பெருமையோடு கேட்டேன்.

"உன் பேச்சையா? போடா. முட்டுச்சு, போனேன்."

விசாரணைக்கு அவள் தன் பக்கம் பேச ஒருவரைக் கூட்டி வரலாம். யாரும் வராவிட்டால், அவர்கள் எழுதி வைத்திருப்பதில் கையெழுத்துப் போட வேண்டியதுதான். அதில் என்ன எழுதியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்: இனி வேலைக்கு வர மாட்டேன் என்று. எங்கள் வீட்டில் வேலைக்குப் போவது அவள் ஒருத்திதான். நான் படிக்கிறேன், அதாவது பேசுகிறேன்.

"கூட வேலை பாக்குறவங்க யாரையாவது கூப்பிடேம்மா."

"அவளுகளுக்கும் வேலை வேணாமா? நீதான் வாய் கிழியப் பேசுறியே. வந்து பேசு."

விசாரணை, ஷிஃப்ட் முடிந்த பிறகு. என் கடைசி வகுப்பும் அதற்கு முன்பே முடிந்துவிடும். ஒரு சிக்கலும் இல்லை. கடைசி வகுப்பு என்ன வகுப்பு என்பதில்தான் வினை.

'அரசியலமைப்பும் குடிமக்கள் உரிமைகளும்' என்பது எல்லாத் துறை மாணவர்களுக்கும் கட்டாயப் பாடம். விருப்பமில்லாதவர்களுக்கும் சுதந்திரத்தைப் புகட்டியே தீருவது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. இடம், தரைக்குக் கீழே இருந்த பழைய சாமான் அறை. எட்டாத உயரத்தில் ஒரு ஜன்னல். அதில் நடந்து போகிறவர்களின் செருப்புகள் மட்டும் தெரியும். ஒரே ஒரு வாசல், அதற்கு இரும்புக் கம்பிக் கதவு. சுவரெல்லாம் ஈரம். ஆசிரியரை ஷரத்து சார் என்போம். வீட்டில் அவர் குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூட இன்ன ஷரத்து, இன்ன உட்பிரிவு என்றுதான் சொல்வார் என்று கேள்வி.

பருவத்தின் தொடக்கத்தில் அவர் கண்கள் பளபளக்கச் சொன்னார்: "இந்த வகுப்புக்கு ஓர் அரசியலமைப்பை நீங்களே எழுதுங்க. பருவம் முடியுறவரைக்கும் அதுதான் நம்ம சட்டம். நானும் கட்டுப்படுறேன்."

எழுதினோம். அனைவரும் சமம், கடைசி பெஞ்சும் இதில் அடங்கும் என்பது முதல் ஷரத்து. ஏழாவது என் கைவண்ணம். வருகைப் பதிவு முடிந்ததும் பாதிப் பேர் நழுவிவிடுகிறார்களே, அதற்கு என்ன வழி என்று சார் கேட்டார். நான் எழுந்தேன்.

"கதவைப் பூட்டலாம் சார். யாராவது நடுவுல போகணும்னா எல்லாரும் கை தூக்கணும். ஒரே ஒரு கை தூக்காட்டியும் பூட்டு திறக்கக் கூடாது. கூட்டம் சேர்ந்து ஒருத்தர மிதிக்கக் கூடாது, பாருங்க. சட்டத்த மாத்தணும்னா அடுத்த வாரம்தான் மாத்தலாம். கோபத்துல யாரும் சட்டத்துல கை வைக்கக் கூடாது."

சார் இதைக் கிழித்துப் போடுவார், அதை வைத்து வருடம் முழுக்கச் சிரிக்கலாம் என்பது என் திட்டம். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒற்றைக் குரலுக்கும் மதிப்பு! இத்தன வருஷத்துல ஒரு பையனும் இப்படிச் சொன்னதில்ல!" என்றார். வகுப்பு கைதட்டியது. மறுநாள் அவரே ஒரு பூட்டு வாங்கி வந்தார். சாவி முதல் பெஞ்சுப் பெண்ணிடம் போனது. எந்தச் சண்டைக்கும் சிரிக்காமல் தீர்ப்புச் சொல்வதால் அவளுக்கு நீதிபதி என்று பெயர்.

அன்றிலிருந்து அந்தக் கதவு நடுவில் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. காரணம் தூங்குமூஞ்சி. என் பெஞ்சுக்கு முன் பெஞ்சில் அவன் தலை கவிழ்ந்தால், மணி அடித்தால்தான் நிமிரும். ஒரு நாள் ஷரத்து சாரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு தீர்மானம் கொண்டுவந்தார். நீதிபதி கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தூங்குமூஞ்சியிடம் வந்ததும் நிறுத்தி, "தோத்துப்போச்சு சார்" என்றாள். எழுப்பலாமே என்று யாரோ சொன்னார்கள். "தூங்குறவன எழுப்பி ஓட்டுக் கேக்குறது மிரட்டல்" என்று நான் பின்பெஞ்சிலிருந்து வாதாடினேன். சார் வேர்வையைத் துடைத்தபடி அதையும் ஏற்றுக்கொண்டார். இன்னொரு நாள் நீதிபதிக்கே அவசரமாகப் போக வேண்டியிருந்தது. பெஞ்சு பெஞ்சாகப் போய்க் கேட்டாள். "ஓட்டுப் பிச்சை போடுங்கம்மா!" என்று நான் ராகம் போட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

விசாரணை நாளன்று சார் தனிமனிதச் சுதந்திரம் நடத்திக்கொண்டிருந்தார். "காரணமில்லாம யாரையும் அடைச்சு வைக்க முடியாது" என்று சொல்லியபடி கரும்பலகையில் எழுதினார். அவருக்குப் பின்னால் பூட்டு தொங்கியது. அப்போது என் ஃபோன் அதிர்ந்தது. அம்மாவின் மெசேஜ்.

"முன்னாடியே வெச்சுட்டாங்க. இப்பவே வா. உள்ள கூப்பிடுறாங்க."

எழுந்து நேராகக் கதவுக்குப் போனேன்.

"திற," என்றேன் நீதிபதியிடம்.

"ஏழாவது ஷரத்து."

"விளையாடாத. எங்கம்மாவுக்கு வேலை போகப் போகுது."

"நான் விளையாடல. எழுதினது நீ. எல்லார்கிட்டயும் கேளு."

"கேக்க மாட்டேன். வெளிய போறது என் உரிமை."

"அப்ப உரிமையோட அங்கயே நில்லு."

கம்பியைப் பிடித்துக் குலுக்கினேன். கொஞ்சம் துரு உதிர்ந்தது. உதவிக்குச் சாரைப் பார்த்தேன். அவர் சாக்பீஸை உருட்டியபடி தரையைப் பார்த்தார். "நான் வாக்குக் குடுத்திருக்கேம்ப்பா. நான் மீறினா நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நடத்துவேன்? என் கைய வேணும்னா இப்பவே தூக்குறேன்," என்று தூக்கினார். பாவம், மிகவும் உயரமாகத் தூக்கினார்.

"மாத்திடலாம் சார். சட்டத்திருத்தம்!"

"அடுத்த வாரம்," என்றது முழு வகுப்பும் ஒரே குரலில். அந்த வரியையும் நான்தான் எழுதியிருந்தேன்.

ஜன்னலில் செருப்புகள் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் வெளியில் நடக்கிற செருப்புகள். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் இரைவது கேட்டது. அம்மாவின் மெஷின் மட்டும் அந்தச் சத்தத்தில் இல்லை என்று ஏனோ தோன்றியது.

பெஞ்சு பெஞ்சாகப் போனேன்.

"மச்சான், கொஞ்சம் தூக்குடா."

"ராகம் போட்டுக் கேளு."

"டேய்."

"அந்த ராகம்தான்டா நல்லாருக்கும்."

போட்டேன். தூக்கினான். ஜன்னல் பெஞ்சில் மூன்று பெண்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒருத்தி, "அம்மாவுக்காக. உனக்காக இல்ல," என்று சொல்லித் தூக்கினாள். மற்ற இருவரும் அதை வழிமொழிந்தார்கள். கடைசியாகத் தூங்குமூஞ்சி. எழுப்புவது மிரட்டல். அவன் காதருகே குனிந்து, மிரட்டல் ஆகாத குரலில், "அண்ணே," என்றேன். அவன் என்னைவிட இளையவன். "அண்ணே, ஒரு கை." ஒரு கண் திறந்தது. "முடிஞ்சுதா?" என்றபடி சோம்பல் முறிக்க இரண்டு கைகளையும் தூக்கினான்.

கதவுக்கு ஓடினேன். நீதிபதி பூட்டைத் தொடவில்லை. கடைசி பெஞ்சுவரை பார்த்துவிட்டு, "ஒண்ணு குறையுது," என்றாள்.

"யாரு? யாருடா அது?" என்று கத்தினேன்.

எல்லாரும் கைகளை உயர்த்தியபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இத்தன நாளா தூங்குமூஞ்சியோடவே நிறுத்திட்டேன்," என்றாள் நீதிபதி மெதுவாக. "அவனுக்குப் பின்னாடி நீ உக்காந்திருந்த. நீயும்தான் தூக்கினதில்ல. ஒரு தடவகூட. அவன் முழிச்சிருந்தாலும் யாரும் வெளிய போயிருக்க முடியாது."

"நானே போறதுக்கு நானே ஏன் தூக்கணும்?"

"எல்லாரும்னு எழுதியிருக்க. நீ யாரு?"

வாதாட ஆயிரம் பாயிண்ட் இருந்தது. நேரம் இல்லை. முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, உள்ளங்கையைத் தோள்வரை கொண்டுவந்தேன்.

"தெரியல," என்றாள்.

இன்னும் கொஞ்சம் தூக்கினேன். பூட்டு திறந்தது. சாவியைத் திருப்பும்போது, "ஓடு," என்றாள். அதை மட்டும் அவள் தீர்ப்புப் போலச் சொல்லவில்லை.

சுவரைச் சுற்றி ஓடி, ஃபேக்டரி வாசலில் வாட்ச்மேனிடம் மூச்சிரைக்க விஷயத்தைச் சொல்லி, மாடியேறிப் போனேன். கண்ணாடித் தடுப்புப் போட்ட சின்ன அறை. நான் நுழைந்ததும் சூப்பர்வைசர் கதவைச் சாத்தினார். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி ஒருவர் தலை குனிந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அம்மா, அவளுக்கு முன்னால் மூடி கழற்றிய பேனா.

"ஏன்டா இவ்வளவு நேரம்?" என்றாள் உதடு அசையாமல்.

"அரசியலமைப்புச் சிக்கல்மா."

"கருமம்."

அதிகாரி உரக்கப் படித்துக்கொண்டே போனார். 'தானாகவே வேலையிலிருந்து விலகிக்கொள்ளச் சம்மதிப்பதாக' என்று வந்த இடத்தில் நான் குறுக்கே புகுந்தேன். "சார், எங்கம்மா அப்படிச் சம்மதிக்கவே இல்ல—"

அவர் நிமிரவில்லை. "குறுக்கப் பேசினா வெளிய அனுப்பிடுவேன். பேசணும்னா கையத் தூக்கணும். கூப்பிட்டாத்தான் பேசணும்."

சூப்பர்வைசர் பேனாவை அம்மாவின் விரல் பக்கமாக நகர்த்தினார். கண்ணாடிக்கு வெளியே மெஷின் வரிசைகள் தெரிந்தன. நடு வரிசையில் ஒரு பெண் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, மறு கையால் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அட்டை எங்கேயென்று தெரியவில்லை. அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கிண்டல் செய்யவில்லை.

நான் கையைத் தூக்கினேன். இந்த முறை முழங்கை நேராக.

அதிகாரி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அம்மா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். என் தோள் வலிக்கத் தொடங்கியது. அவர் நிமிரும்வரை இறக்குவதாக இல்லை.