பவுலம்மாள் ஏறிய பஸ்

படியெடுக்கும் ஜெல்லியின் மேல் கவிழ்த்திருந்த தாளை வியாகுலமேரி ஒரு மூலையிலிருந்து மெல்ல உரித்தாள். சனிக்கிழமை மத்தியானம். பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. அவள் பாடம் நடத்தும் அறிவியல் அறையில் ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்திருந்தாள். தகரத் தட்டில் உறைந்திருந்த ஜெல்லியில் ஊதா மை இடம் வலம் மாறிப் பதிந்திருந்தது. அதன் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, உள்ளங்கையால் நீவி, எடுத்தாள். நான்கு கட்டங்கள். நான்காவது கட்டத்தில் பவுலம்மாள் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

ஏழு மாதங்களாக அவள் பஸ் ஏறியதில்லை. மேரியின் படக்கதையில் பவுலம்மாளுக்கு நாற்பது வயது, பருத்த உடம்பு, கையில் ஒரு தகரப் பெட்டி. மாதம் ஒருமுறை திருச்சியில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் புறப்படுவாள். முதல் கட்டத்தில் பெட்டியைப் பூட்டுவாள். நான்காவது கட்டத்தில் வீட்டில் இருப்பாள். ஒரு மாதம் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். ஒரு மாதம் கோழி பெட்டிக்குள் முட்டையிட்டு, அதிலேயே அடைக்கு உட்கார்ந்துகொண்டது. ஒரு மாதம் எதுவுமே நடக்கவில்லை. பஸ் வந்து நின்றது, கண்டக்டர் விசில் ஊதினான், பவுலம்மாள் அடுப்பை அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டே நின்றாள். அந்த மாதம்தான் எல்லோரும் அதிகம் சிரித்தார்கள்.

மேரி எப்போதும் நான்காவது கட்டத்தைத்தான் முதலில் யோசிப்பாள். அது கிடைத்தால் மற்ற மூன்றும் தானாக வந்து நிற்கும். சோறு வடிக்கும்போது, துணி அலசும்போது கிடைக்கும். பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் நாலைந்து தரம் வரைந்து பார்ப்பாள். கோடு குறையக் குறையப் பவுலம்மாள் கூடுதலாக உயிரோடு இருப்பதைக் கண்டுகொண்டிருந்தாள். பிறகு வழவழப்பான தாளில் கெட்டியான ஊதா மையால் ஒரே மூச்சில் வரைய வேண்டும். அழிக்க முடியாது. கேள்வித்தாள்களுக்காகப் பள்ளியில் வைத்திருந்த ஜெல்லித் தட்டை, மாதம் ஒருநாள் எடுத்துக்கொள்ளத் தலைமைச் சிஸ்டர் அனுமதித்திருந்தார். இப்படி மையால் வரைந்த ஒரு மூலத்துக்கு நாற்பது பிரதிகள் வரும். முப்பதுக்கு மேல் மங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் ‘அபிப்பிராயம்’ என்று எழுதிக் கீழே இடம் விட்டிருப்பாள். தாள் கைமாறிக் கைமாறி ஊரைச் சுற்றிவிட்டு, பல கையெழுத்துகளோடு அவளிடம் திரும்பி வரும். கூடப் படித்தவர்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைகளில் இருந்த வழக்கம் அது. அவள் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

இந்த மாதம் பவுலம்மாள் பஸ் ஏறியதற்குக் காரணம், மேரியின் கைப்பைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு கடிதம். சென்னையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் வரைபடங்கள் வரைய ஆள் வேண்டும் என்று விளம்பரம் பார்த்து, தவளையின் ரத்த ஓட்டப் படங்கள் ஆறு அனுப்பியிருந்தாள். எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தங்குவதற்குப் பெண்கள் விடுதியில் இடம். இருபத்தெட்டாம் தேதிக்குள் பதில் எழுத வேண்டும். இன்னும் வீட்டில் சொல்லவில்லை. மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு அண்ணி வேளாங்கண்ணிக்கு இடுப்புக்குக் கீழே பலம் வரவில்லை, கட்டில்தான். அவளைத் தூக்கி உட்கார வைக்கவும், குளிப்பாட்டவும், மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போடவும் மேரி ஒருத்திதான். யாரும் அவளை இரு என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்து ஒரு வார்த்தையாவது பேசியிருக்கலாம்.

கையில் இருந்த பிரதியை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். நன்றாக வந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது. நாற்பது பேர் பார்ப்பார்கள். நாற்பது பேரில் ஒருவருக்காவது புரிந்துவிடும். மூலத்தையும் பிரதியையும் ஸ்பிரிட் விளக்கில் கொளுத்தினாள். சாம்பலைத் தொட்டியில் கரைத்துவிட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வேறொரு மூலத்தோடு வந்தாள். இதில் பக்கத்து வீட்டுக்காரி, “பத்து நிமிசம் பாத்துக்கங்க” என்று குழந்தையைப் பவுலம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். நான்காவது கட்டத்தில் குழந்தை மடியில் தூங்குகிறது, பெட்டியின் மேல் ஈரத்துணி காய்கிறது. வழக்கமான முடிவு. ஒருத்தியைப் போகவிடாமல் செய்யக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை.

ஜெல்லியை உருக்கி மறுபடி ஊற்றித்தான் அடுத்த மூலத்தை ஒட்ட வேண்டும். அதற்கு இரண்டு மணி நேரமாகும். பதினொன்றுக்குள் வீட்டில் உலை வைக்க வேண்டும். ஈரப் பஞ்சால் இரண்டு முறை துடைத்தாள். மேற்பரப்பு சுத்தமாகத் தெரிந்தது. புதிய மூலத்தை ஒட்டி, உரித்து, நாற்பது பிரதிகளையும் வேகவேகமாக எடுத்து, ஈரத்தோடு அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். நாற்பது பிரதிக்கான மையில் நேற்று ஒன்றுக்கானது மட்டுமே வெளியே போயிருந்தது. மற்றதெல்லாம் ஜெல்லிக்குள்ளேதான் இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துகொண்டு. ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு இதை அவள் உதாரணத்தோடு விளக்கியிருக்கிறாள்.

திங்கட்கிழமை காலையில் தமிழாசிரியை ராஜேஸ்வரி வழக்கம்போல அடுக்கை எடுத்துப் பங்கிட்டுவிட்டாள். மத்தியான இடைவேளையில் ஒரு தாளோடு வந்தாள்.

“மேரி டீச்சர், இந்த மாசம் என்னமோ வித்தையெல்லாம் காட்டிருக்கீங்க. பின்னாடி ஒரு பஸ்ஸு போவுது.”

“எங்க?”

“இங்கிட்டு வெளிச்சத்துல பாருங்க. மடியில புள்ளய வச்சிக்கிட்டு ஒருத்தி. அவளே பஸ்ஸுக்குள்ளயும் ஒக்காந்திருக்கா. பேய் மாதிரி இருக்கு, ஆனா அழகா இருக்கு. எப்படிப் போட்டீங்க?”

காய்ந்த தாளில், குழந்தைக்குப் பின்னால், தண்ணீரில் நனைந்த சாயம்போல இளம் ஊதாவில் பஸ் நின்றது. சக்கரங்கள், கூரையில் தகரப் பெட்டி, ஜன்னலில் பவுலம்மாளின் முகம். ராஜேஸ்வரி சிரித்துக்கொண்டிருந்தாள். மேரி தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

“என்ன டீச்சர், தப்பா?”

“ஜெல்லி சரியில்ல” என்றாள் மேரி.

சாயங்காலத்துக்குள் நாற்பதும் ஊருக்குள் போய்விட்டன. ஒன்றைக்கூடத் திரும்பக் கேட்க முடியவில்லை. கேட்டால் ஏன் என்பார்கள்.

அண்ணன் சந்தனராஜ் ஆண்கள் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். அதிகம் பேசமாட்டார். அன்று ராத்திரி மேரி இரண்டாவது முறை ரசம் ஊற்றும்போது, இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஏத்தா மேரி, பவுலம்மா எங்க கெளம்பிட்டா?”

“அது மை ஊறிக்கிட்டதுண்ணே. தப்பா விழுந்துருச்சு.”

“திருச்சிதானா? இல்ல அதுக்கும் அங்கிட்டா?”

மேரி கரண்டியை ரசச் சட்டியில் வைத்தாள். தபால்காரர் பழனிச்சாமியிடம் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. மெட்ராஸ் முத்திரையோடு கவர் வந்தால் அவராகவே சொல்லிவிடுவார். அண்ணன் சோற்றைப் பிசைந்தார்.

“அடுத்த மாசம் எறக்கி விட்ரு. பாவம், தெரியாத ஊர்ல போயி அல்லாடுவா. எல்லாருக்கும் அவ இங்கன இருக்கறதுதான் பிடிச்சிருக்கு.”

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. “ஆமா, ஒங்களுக்கு ரசம் ஊத்த ஆளு வேணும். அதச் சொல்லுங்க.”

“நா கதையப் பத்திப் பேசறேன்.”

“நானும் கதையத்தான் சொல்றேன்.”

அண்ணன் சிரித்தார். மேரியும் சிரித்தாள். அந்த வீட்டில் எல்லாம் இப்படித்தான் சிரிப்பில் முடிந்துவிடும். சண்டை ஒன்று வந்திருந்தால் எத்தனையோ நன்றாக இருந்திருக்கும் என்று பாத்திரம் கழுவும்போது நினைத்தாள்.

அந்த வாரம் தாள்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ‘பவுலம்மாள் போய்விட்டால் நாங்கள் யாரைப் பார்த்துச் சிரிப்பது?’ ‘பக்கத்து சீட் காலியா என்று கேட்டுச் சொல்லவும்.’ ‘அவர் தூக்கத்தில் காணும் கனவு என்று நினைக்கிறேன். அருமை.’ கனவு என்று பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். தலைமைச் சிஸ்டர் மட்டும் பென்சிலால், ‘குழந்தையை யாரிடம் விட்டுப் போனாள்?’ என்று கேட்டிருந்தார். மேரி அதைப் பல தடவை படித்தாள்.

அடுத்த மாதத்துக்காக நான்கு கட்டங்கள் போட்டுப் பார்த்தாள். பவுலம்மாளை பஸ்ஸிலிருந்து இறக்குவது எளிதாக இருந்தது. பஸ் பழுதாகி நிற்கலாம். பெட்டி மாறிப்போகலாம். கை தானாக வரைந்தது. ஐந்து நிமிடத்தில் ஐந்து வழிகள். திருச்சியில் இறங்கித் தெருவில் நடக்கும் பவுலம்மாளை வரையப் பார்த்தபோது கை நின்றுவிட்டது. அந்த ஊரில் பெட்டியை எந்தக் கையில் பிடிப்பாள் என்றுகூடத் தெரியவில்லை.

இருபத்தெட்டாம் தேதி. எழுத வேண்டிய கார்டில் மேரி கல்லூரியின் விலாசத்தை மட்டும் எழுதியிருந்தாள். மூன்றரைக்குப் பழனிச்சாமி தபால் பெட்டியைத் திறப்பார். மணி இரண்டே முக்கால். அண்ணி தூங்கிக்கொண்டிருந்தாள். கடைக்குட்டியின் சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது. ஊசிக்காக அண்ணியின் தலைமாட்டில் இருந்த தையல் டப்பாவைத் திறந்தாள்.

நூல் கண்டுகளுக்கு அடியில் பவுலம்மாள் மடிந்து கிடந்தாள். திரும்பி வராத பிரதிகளில் ஒன்று. விரித்ததும் விரலில் சொரசொரப்பாகத் தட்டியது. நான்காவது கட்டத்தில் ஊசிக் குத்துகள். கோயில் பீடத்துணிகளுக்கு அண்ணி பூவேலை செய்வது கட்டிலில் சாய்ந்தபடிதான். படத்தின் கோடுகள்மேல் நெருக்கமாகக் குத்தி, துணியில் வைத்து நீலப்பொடியைத் தேய்த்தால் புள்ளி புள்ளியாக உரு இறங்கும். ஆனால் குழந்தையை அண்ணி குத்தவில்லை. மடியைக் குத்தவில்லை. கட்டத்தின் சதுரக் கோட்டைக்கூடக் குத்தவில்லை. அவ்வளவு மங்கலாக விழுந்ததை எத்தனை மத்தியானங்கள் கண்ணருகே வைத்துப் பார்த்தாளோ, பின்னால் இருந்ததை மட்டும் ஒரு கோடு விடாமல் குத்தியிருந்தாள்.

“ஊசி கெடச்சுதா?” கண்ணைத் திறக்காமல் அண்ணி கேட்டாள்.

“கெடச்சுது அண்ணி.”

“அந்தத் தாள கசக்கிராத. தலகாணி ஒறைக்கு எடுத்து வச்சிருக்கேன்.”

“யாருக்கு?”

அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க முயன்றாள். முடியவில்லை. மேரி குனிந்து அவள் இடுப்பைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

“யாருக்கு அண்ணி?”

“தச்சு முடியட்டும். பாப்போம்.”

மேரி தாளோடு ஜன்னலுக்குப் போனாள். வெயில் நேராக அடித்தது. தூக்கிப் பிடித்ததும் ஊதா மையெல்லாம் இருண்டு போயிற்று. துளைகள் மட்டும் எரிந்தன. வெளிச்சத்தாலான பஸ், வலப்பக்கம் பார்த்து, ஜன்னலில் முகத்தோடு போய்க்கொண்டிருந்தது. தாளைத் திருப்பினாள். அதே துளைகள், அதே பஸ், அதே முகம். இப்போது அது இடப்பக்கம் பார்த்து வந்துகொண்டிருந்தது. மறுபடி திருப்பினாள். தெருமுனையில் பழனிச்சாமியின் சைக்கிள் மணி கேட்டது.